ஆரஞ்சுச் சட்டை எதற்கு? கனடாவின் வதிவிடப் பாடசாலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டெம்பர் கடைசி வாரம் வந்தால் ரொறன்ரோப் பக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் வரும்: 30ஆம் திகதி பிள்ளையை ஆரஞ்சு நிறச் சட்டையோடு அனுப்புங்கள். சட்டையை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஏன் என்று பிள்ளை கேட்டால்தான் முழிக்கிறோம். இங்கே வந்து இருபது வருடமானவர்களும் போன வருடம் வந்திறங்கிய மாணவர்களும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வதிவிடப் பாடசாலை என்றால், பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைத்து அரசும் தேவாலயங்களும் நடத்திய பள்ளிக்கூடம். சில பதில்கள் நீளமானவை, சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

அந்தச் சட்டையின் கதை என்ன?

1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபிலிஸ் வெப்ஸ்டட் என்ற ஆறு வயதுப் பிள்ளையை வில்லியம்ஸ் லேக் ஊருக்கு அருகிலிருந்த செயின்ட் ஜோசஃப்ஸ் மிஷன் பாடசாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கையில் அதிகம் காசில்லாத அம்மம்மா அவரைக் கடைக்குக் கூட்டிப் போய்ப் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தார். பிள்ளையே தேர்ந்தெடுத்த பளபளப்பான ஆரஞ்சுச் சட்டை அது. போன முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். திரும்பக் கிடைக்கவே இல்லை. 2013இல் அவர் இந்தக் கதையைப் பொதுவில் சொன்னார். அதிலிருந்து வந்ததுதான் ஆரஞ்சுச் சட்டை நாள்.

செப்டெம்பர் ஏன் என்றால், பிள்ளைகளை வீட்டிலிருந்து கொண்டுபோன மாதம் அது. 2021இலிருந்து செப்டெம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள், மத்திய அரசின் விடுமுறை. ஒன்ராறியோ மாகாணம் அதைப் பொது விடுமுறையாக்கவில்லை. அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு அன்று பள்ளிக்கூடம் உண்டு, சட்டையும் உண்டு.

போர்டிங் பள்ளிக்கூடம்தானே? எங்கள் ஊரிலும் மிஷன் போர்டிங் இருந்ததே!

இதுதான் எங்கள் ஆட்கள் அதிகம் கேட்கும் கேள்வி. கேட்பதில் தப்பும் இல்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலை என்று அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் நடத்திய பள்ளிக்கூடங்களைப் பற்றி எங்கள் வீடுகளில் பெருமையாகத்தான் பேசுவார்கள். பாதிரிமார் நடத்தினார்கள், பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள், மதம் மாற்றவும் பார்த்தார்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்ததும் நடந்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

பிடிக்காவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர யாழ்ப்பாணத்துத் தகப்பனால் முடிந்தது. அங்கே தமிழையும் படிப்பித்தார்கள். தமிழ் பேசியதற்காக ஒரு சமூகத்தின் பிள்ளைகள் எல்லோரையும் தலைமுறை தலைமுறையாக அடிக்கிற அரசுச் சட்டம் இருக்கவில்லை. கனடாவில் பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிப்பதுதான் திட்டத்தின் நோக்கமே. படிப்பு அதற்குப் பிறகு வந்தது. போர்டிங் என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுவதால்தான் இந்தக் குழப்பம்.

"செவ்விந்தியர்" என்று சொல்லலாமா?

வேண்டாம். "எஸ்கிமோ"வும் வேண்டாம். சட்டப்படி மூன்று தொகுதியினர்: முதற்குடிகள் என்று நாங்கள் எழுதும் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், வடக்கே இனுயிட், அப்புறம் பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மெட்டிஸ். முதற்குடிகளுக்குள்ளேயே கிரீ, ஒஜிப்வே, மோஹாக், செக்வெப்பெம் என்று பல இனங்கள், பல மொழிகள். 1876இல் வந்த "இந்தியன் சட்டம்" மட்டும் இன்றைக்கும் அதே பெயரில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வயதான சிலர் தங்களையே அந்தச் சொல்லால் சொல்லிக்கொள்வார்கள். அது அவர்களுடைய உரிமை, எங்களுடையதல்ல.

யார் தொடங்கினார்கள்? ஏன்?

ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபர்ட்டில் மோஹாக் இன்ஸ்டிட்யூட் 1831இலேயே பிள்ளைகளைத் தங்கவைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் நாடு முழுவதற்குமான அரசுத் திட்டமாக இது மாறியது 1880களில்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1871 முதல் மேற்குப் பகுதி நிலங்களுக்காக அரசு போட்ட உடன்படிக்கைகளில், உங்கள் ரிசர்வ் நிலத்திலேயே (முதற்குடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலம்) பள்ளிக்கூடம் நடத்தித் தருகிறோம் என்ற வாக்குறுதி இருந்தது. தலைவர்களே கேட்டு வாங்கிய வாக்குறுதி அது. எருமை மந்தைகள் அழிந்துகொண்டிருந்தன, பிள்ளைகள் புதுத் தொழில்களைப் படிக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். கேட்டது வீட்டுப் பக்கத்தில் பள்ளிக்கூடம். கிடைத்தது பிள்ளையைக் கொண்டுபோகும் வண்டி.

1879இல் நிக்கலஸ் ஃப்ளட் டேவின் என்பவரை அரசு அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட தொழிற்பாடசாலைகளைப் பார்த்துவரச் சொன்னது. நல்ல முறை, இங்கேயும் செய்யலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். 1883இல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் நாடாளுமன்றத்தில் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்: பாடசாலை ரிசர்வில் இருந்தால் பிள்ளை காட்டுமிராண்டிகளான தாய் தகப்பனோடு வாழும், எழுத வாசிக்கத் தெரிந்த காட்டுமிராண்டியாகத்தான் வளரும், ஆகவே பெற்றோரிடமிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு விலக்க வேண்டும். "நல்ல எண்ணத்தில் தொடங்கினார்கள், இடையில் கெட்டுப்போய்விட்டது" என்று யாராவது சொன்னால் இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே நோக்கத்தைச் சபைக் குறிப்பில் ஏற்றிவிட்டார்கள்.

பணம் அரசுடையது, நடத்தியது தேவாலயங்கள். பாதிக்கும் மேல் கத்தோலிக்கம், அடுத்தது அங்கிலிக்கன், மிச்சம் பிரெஸ்பிடேரியன், மெதடிஸ்ட், பின்னாளில் யுனைடெட் சேர்ச். 1892இலிருந்து தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள். எண்ணிக்கை கூடினால் பணம் கூடும். அதனால் நோயாளிப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டார்கள். பின்னால் வந்த சாவுகளுக்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

மொத்தம் எத்தனை பிள்ளைகள்?

ஏறத்தாழ 150,000. பின்னால் வந்த இழப்பீட்டு உடன்படிக்கை ஏற்றுக்கொண்ட பாடசாலைகள் 139.

தாய் தகப்பன் ஏன் விட்டார்கள்?

விடவில்லை என்பதுதான் பெரும்பாலும் பதில். ஒளித்து வைத்தார்கள், காட்டுக்குள் கூட்டிப் போனார்கள், கடிதம் எழுதினார்கள். 1920இல் சட்டத்தைத் திருத்தி வருகையைக் கட்டாயமாக்கினார்கள். அனுப்பாவிட்டால் பொலிஸ் வரும், தண்டம், சிறை. வழக்குப் போடலாமே என்று கேட்பீர்கள். 1927இலிருந்து 1951 வரை, அரசுக்கு எதிரான உரிமைக் கோரிக்கைக்காக வழக்கறிஞர் பிடிக்கப் பணம் திரட்டுவதே குற்றமாக இருந்தது. மேற்குச் சமவெளியில் ரிசர்வை விட்டு வெளியே போக அதிகாரியின் அனுமதித் துண்டு வேண்டும். பிள்ளையைப் போய்ப் பார்ப்பதற்கும் அதே துண்டு. 1945இல் குடும்பக் கொடுப்பனவு வந்தபோது, பிள்ளையை அனுப்பாதவர்களுக்கு அதை நிறுத்தவும் செய்தார்கள்.

சிலர் விரும்பி அனுப்பியதும் உண்டு. பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லை, அல்லது வீட்டில் சாப்பாடு இல்லை. சிலர் அங்கே நல்ல ஆசிரியரைக் கண்டார்கள், ஹொக்கி விளையாடினார்கள், அதையும் பின்னால் வந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன்னால் சாட்சியத்தில் சொன்னார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதைத் தூக்கிப் பிடித்து மற்றதை மறைப்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

உள்ளே ஒரு நாள் எப்படி இருக்கும்?

வாசலில் தலைமயிரை வெட்டுவார்கள். நீளமான பின்னல் அவர்களில் பல இனங்களுக்கு வெறும் அலங்காரமல்ல. துக்கத்துக்குத்தான் வெட்டுவார்கள். அதனால் கத்தரிக்கோலைக் கண்டதும், வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்த பிள்ளைகள் உண்டு. தலையில் பேனுக்கு மண்ணெண்ணெய். வீட்டு உடுப்பை எடுத்துவிட்டுச் சீருடை. அப்புறம் ஒரு இலக்கம். வயதாகியும் தங்கள் இலக்கத்தை மறக்காதவர்கள் ஆணைக்குழு முன்னால் அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் ஒரு கட்டடத்தில், தங்கை இன்னொன்றில். ஒரே மேசையில் சாப்பிட முடியாது, வேலிக்கு அப்பாலிருந்து பார்க்கலாம். பேசினால் அடி, ஏனென்றால் இருவருக்கும் தெரிந்த ஒரே மொழி தடை செய்யப்பட்ட மொழி. வாயைச் சவர்க்காரத்தால் கழுவியதையும் தோல்வாரால் அடித்ததையும் ஆயிரக்கணக்கானவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

படிப்பு அரை நாள்தான். மற்ற அரை நாள் பெடியன்களுக்கு மாட்டுத் தொழுவமும் வயலும், பெட்டைகளுக்குச் சமையலும் சலவையும் தையலும். தொழிற்பயிற்சி என்று பெயர். உண்மையில் அந்தக் கட்டடம் ஓடியதே பிள்ளைகளின் வேலையில்தான். பத்து வருடம் இருந்தும் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் எத்தனையோ பேர்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், பிரான்ட்ஃபர்ட் மோஹாக் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப் பெயரே போதும்: "மஷ் ஹோல்", அதாவது கஞ்சிக் குழி. மூன்று வேளையும் ஓட்ஸ் கூழ். பிள்ளைகள் பசியோடு இருப்பது அரசுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் கொடுமை. 1948 தொடக்கம் 1952 வரை ஆறு பாடசாலைகளில் ஏறத்தாழ 1,000 பிள்ளைகள் மேல் சத்துணவு ஆராய்ச்சி நடந்தது. போர்ட் ஆல்பெர்னியில், பரிந்துரைக்கப்பட்டதில் பாதிக்கும் குறைவான பாலையே இரண்டு வருடம் கொடுத்தார்கள். பிறகு கூட்டிக் கொடுத்து வித்தியாசத்தை அளக்க வேண்டுமாம். பல்லில் மாற்றம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பல் வைத்தியத்தையும் நிறுத்தி வைத்தார்கள். பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. 2013இல் ஒரு வரலாற்றாய்வாளர் ஆவணங்களைப் புரட்டி எழுதிய பிறகுதான் இது பரவலாகத் தெரிய வந்தது.

அடி, பாலியல் கொடுமை பற்றி விரித்து எழுதப் போவதில்லை. வாசிப்பவர்கள் வீட்டில் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒன்ராறியோவின் ஃபோர்ட் ஆல்பனியில் செயின்ட் ஆன்ஸ் பாடசாலையில் மின்சாரம் பாய்ச்சும் நாற்காலி ஒன்று இருந்ததென்றும், பிள்ளைகளை அதில் உட்கார வைத்தார்கள் என்றும் அங்கே படித்தவர்கள் பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். அது போதும்.

எத்தனை பேர் செத்தார்கள்? அரசுக்குத் தெரியாதா?

தேசிய உண்மை மற்றும் நல்லிணக்க நிலையத்தின் பதிவேட்டில் இப்போது 4,100க்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஆணைக்குழு முதலில் எண்ணிய 3,200 சாவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குப் பெயர் கூட எழுதப்படவில்லை. பாதிக்குச் சாவுக்கான காரணம் எழுதப்படவில்லை. உடலை வீட்டுக்கு அனுப்பும் செலவை அரசு பெரும்பாலும் ஏற்கவில்லை. அதனால் அங்கேயே அடக்கம். செத்த செய்தி வீட்டுக்குப் போகாமலே விட்டதும் உண்டு.

தெரியாதா என்ற கேள்விக்கு பீட்டர் பிரைஸ் என்ற டொக்டரின் கதையைச் சொல்ல வேண்டும். 1904இல் பூர்வகுடி விவகாரத் திணைக்களத்தின் தலைமை வைத்திய அதிகாரியானவர். 1907இல் மேற்கே 35 பாடசாலைகளைப் பார்த்தார். காற்றோட்டமில்லாத நெருக்கமான படுக்கையறைகள், காசநோயாளியும் மற்றப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில். 15 பாடசாலைகளில் படித்த 1,537 பிள்ளைகளைப் பற்றி விவரம் கிடைத்தது. அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் செத்திருந்தார்கள். சரியான கணக்கு வைத்திருந்த ஒரே பாடசாலையில், பழைய மாணவர்களில் நூற்றுக்கு 69 பேர் உயிரோடு இல்லை. அறிக்கை பத்திரிகைகளிலும் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்றும் அவர் எழுதிக் கொடுத்தார்.

திணைக்களம் அவருடைய ஆய்வுக்கான பணத்தை நிறுத்தியது. 1913இலிருந்து 1932 வரை அந்தத் திணைக்களத்தை நடத்தியவர் டங்கன் காம்ப்பெல் ஸ்கொட். கவிஞர் வேறு, பெயர் பெற்ற கவிஞர். 1914இல் வெளியான ஒரு கட்டுரையில் அவரே எழுதுகிறார்: இந்தப் பாடசாலைகளுக்குப் போனவர்களில் பாதிப் பேர் படித்த படிப்பின் பயனை அனுபவிக்க உயிரோடு இருக்கவில்லை என்று சொன்னால் மிகையாகாது. இதை எழுதிவிட்டு, ஆறு வருடம் கழித்து அதே மனிதர் வருகையைக் கட்டாயமாக்கினார். பிரைஸை 1921இல் ஓய்வில் அனுப்பினார்கள். 1922இல் அவர் "ஒரு தேசியக் குற்றத்தின் கதை" என்று தலைப்பிட்டுச் சிறு நூல் ஒன்றைத் தன் பெயரில் வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இருவரும் ஒட்டாவாவில் பீச்வுட் என்ற ஒரே மயானத்தில்தான் அடக்கம். போனால் இரண்டு கல்லறையையும் பாருங்கள். "அந்தக் காலத்து ஆட்களுக்கு இது தப்பென்று தெரியாது" என்பவர்களுக்கு பிரைஸின் கல்லறைதான் பதில். அவரும் அந்தக் காலத்து ஆள்தான்.

ஓடிப் போக முடியாதா?

ஓடினார்கள். 1937 புத்தாண்டு நாளில் லெஜாக் பாடசாலையிலிருந்து வீட்டுக்குப் புறப்பட்ட நாலு சிறுவர்கள், உறைந்த ஏரியின் மேல் விறைத்துக் கிடந்தார்கள்.

சானி வென்ஜாக்கின் பெயர் பலருக்குத் தெரியும். 12 வயது ஒஜிப்வே பையன். பாடசாலையில் அவனுக்கு வைத்த பெயர் சார்லி. 1966 ஒக்டோபரில் ஒன்ராறியோவின் கெனோராவிலிருந்து புறப்பட்டான். வீடு ஒகோகி போஸ்டில், ஏறத்தாழ 600 கிலோமீட்டர். எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாது. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போனால் வீடு வரும் என்று நடந்தான். மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்று, கண்ணாடிப் போத்தல் ஒன்றில் சில நெருப்புக் குச்சிகள். 23ஆம் திகதி தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உடல் கிடைத்தது. மரண விசாரணை நடத்திய ஜூரி, இந்தக் கல்வி முறை சரிதானா என்று கேட்டு எழுதி வைத்தது. அதற்குப் பிறகும் 30 வருடம் இந்த முறை நடந்தது.

கம்லூப்ஸில் 215 உடல்கள் என்றார்கள், பிறகு பொய் என்கிறார்களே?

இரண்டுமே சரியில்லை. 2021 மே 27 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில் இருக்கும் டிகெம்லூப்ஸ் தெ செக்வெப்பெம் என்ற முதற்குடிச் சமூகம் அறிவித்தது நிலத்தை ஊடுருவும் ரேடாரின் முடிவுகளை. பழைய பாடசாலையின் பழத்தோட்டத்துக்குக் கீழே மண் கலைந்திருப்பதையும் புதைகுழி போன்ற வடிவங்களையும் ரேடார் காட்டியது. ரேடார் எலும்பைக் காட்டாது. முதலில் 215 என்றார்கள், சில வாரங்களில் ஆய்வு செய்தவரே அதை 200 அளவில், "இருக்கக்கூடிய" புதைகுழிகள் என்று திருத்தினார். "கூட்டுப் புதைகுழி" என்ற சொல் சில செய்தித் தலைப்புகளில் வந்தது, அந்தச் சமூகம் சொன்னதல்ல. தோண்டுவதா வேண்டாமா என்பது அவர்களுடைய முடிவு. பெரியவர்களுக்குள்ளேயே அதில் இரண்டு கருத்து உண்டு.

வேறு இடங்களில் தோண்டியிருக்கிறார்கள். 2023இல் மனிற்றோபாவின் பைன் கிரீக்கில் தேவாலய நிலவறையைத் தோண்டியபோது மனித எச்சம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தச் சமூகமே அதை அறிவித்தது. 1974இல் சஸ்காச்சுவானின் பாட்டில்ஃபர்ட் பாடசாலை மயானத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் 72 குழிகளை அகழ்ந்தார்கள். அதுவும் பதிவில் இருக்கிறது.

ரேடார் படத்தை மறுத்துவிட்டால் எல்லாம் பொய்யாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பதிவேட்டிலிருக்கும் 4,100க்கும் மேற்பட்ட சாவுகள் ரேடாரில் கண்டவை அல்ல, அரசும் தேவாலயமும் தங்கள் கையால் எழுதிய கடதாசிகளில் கண்டவை. இன்னும் ஒன்று: 2009இலேயே மயானங்களைத் தேடுவதற்கு 15 இலட்சம் டொலர் தாருங்கள் என்று ஆணைக்குழு அரசிடம் கேட்டது. இல்லை என்று பதில் வந்தது.

எப்போது மூடினார்கள்?

மெதுவாக. 1970இல் அல்பேர்ட்டாவில் புளூ குவில்ஸ் பாடசாலைக்குள் பெற்றோர் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களிடம் கொடுத்துவிடுங்கள், நாங்களே நடத்துகிறோம் என்று கேட்டு வாங்கினார்கள். மற்றவை ஒவ்வொன்றாக மூடின. சஸ்காச்சுவானின் கோர்டன்ஸ் 1996இல், நூனவூட்டின் கிவாலிக் ஹோல் 1997இல். ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்திறங்கிய தமிழர் வீடு வாங்கிப் பிள்ளை குட்டியோடு இருந்த காலம் அது.

மன்னிப்புக் கேட்டார்களா?

யுனைடெட் சேர்ச் 1986இல் பொதுவாகவும் 1998இல் இந்தப் பாடசாலைகளுக்காகவும், அங்கிலிக்கன் 1993இல். 2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் கேட்டார். நல்ல பேச்சு, பலர் அழுதார்கள். அடுத்த வருடமே பிற்ஸ்பர்க்கில் அதே ஹார்ப்பர், கனடாவுக்குக் காலனித்துவ வரலாறு இல்லை என்றும் சொன்னார். பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலை 25 அன்று அல்பேர்ட்டாவின் மஸ்க்வாசிஸுக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். ஏற்பதா விடுவதா என்பதை ஒவ்வொருவரும் தங்களுக்குள் முடிவு செய்தார்கள்.

இழப்பீடு?

சும்மா வரவில்லை. 1990இல் மனிற்றோபாத் தலைவர் ஃபில் ஃபொன்டெய்ன் தனக்கு நடந்த கொடுமையைத் தொலைக்காட்சியில் சொன்னார். அதற்குப் பிறகு வழக்கு மேல் வழக்கு. நீதிமன்றத்தில் தோற்கும் நிலை வந்ததும் 2006இல் உடன்படிக்கை. போன முதல் வருடத்துக்கு 10,000 டொலர், அடுத்த ஒவ்வொரு வருடத்துக்கும் 3,000. ஏறத்தாழ 79,000 பேருக்கு இது கிடைத்தது. பாலியல் கொடுமைக்கும் கடும் அடி உதைக்கும் தனி விசாரணை. அதில் 38,000க்கும் மேல் விண்ணப்பங்கள், 300 கோடி டொலருக்கும் மேல் கொடுக்கப்பட்டது. கத்தோலிக்க அமைப்புகள் 2.5 கோடி டொலர் திரட்டித் தர முயல்வதாகச் சொன்னார்கள், 40 இலட்சம் கூடச் சேரவில்லை. 2021இல் நாடு கொதித்த பிறகு ஆயர்கள் 3 கோடி தருவதாகப் புதிதாக அறிவித்தார்கள்.

நல்லிணக்கம் என்று சொன்னாலே எங்களுக்குக் கசக்கிறதே?

தெரியும். 2010இல் கொழும்பில் அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலும் "கற்றுக்கொண்ட பாடங்கள்" என்பதற்குப் பக்கத்தில் இந்தச் சொல் இருந்தது. அதனால் இங்கேயும் இது வெறும் நாடகம் என்று நினைப்பது இயல்பு.

ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே ஆணைக்குழு அரசு தானாகக் கொடுத்ததல்ல, வழக்குப் போட்டவர்கள் உடன்படிக்கையில் எழுதி வாங்கியது. தலைவர் மரே சின்கிளேயர் தானும் ஓர் அனிஷினாபே, நீதிபதி, 2024இல் காலமானார். 6,500க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டார்கள், ஏழு பெரிய கூட்டங்கள் நடத்தினார்கள். சாட்சி சொன்னவர்கள் அழுது துடைத்த கடதாசிகளைக் குப்பையில் போடாமல் சேர்த்து, சடங்குத் தீயில் இட்டார்கள். 2015இல், இனிச் செய்ய வேண்டியவை என்று 94 அறைகூவல்களோடு அறிக்கை வந்தது. பெயரில் உண்மை முதலில், நல்லிணக்கம் பிறகு. அந்த வரிசை தற்செயல் அல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த 94இல் பெரும்பாலானவை இன்னும் முடியவில்லை. கசப்பு அவர்களுக்கும் உண்டு.

இனப்படுகொலை என்று சொல்லலாமா?

2015இல் ஆணைக்குழு "பண்பாட்டு இனப்படுகொலை" என்றது. 2022 ஒக்டோபரில் கனடா நாடாளுமன்றம், முன்னொட்டு இல்லாமல் இனப்படுகொலை என்று ஏற்கச் சொல்லும் தீர்மானத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. 1948இன் ஐ.நா. சாசனத்தில் இரண்டாம் உறுப்புரையின் கடைசி வரியைப் படியுங்கள்: ஓர் இனத்தின் பிள்ளைகளை வலுவில் இன்னோர் இனத்திடம் மாற்றுவது.

முடிந்துபோன கதைதானே?

பாடசாலைகள் மூடும்போதே வேறு வாசல் திறந்துவிட்டது. 1960களிலிருந்து சமூக சேவை அதிகாரிகள் பூர்வகுடிப் பிள்ளைகளை எடுத்து வெள்ளையர் வீடுகளில் தத்துக் கொடுத்தார்கள். 2021 குடிசனக் கணக்குப்படி, 14 வயது வரையான பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 வீதம். வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளில் 53.8 வீதம். ரிசர்வ்களில் பிள்ளைகள் நலனுக்கு அரசு குறைவாகச் செலவழித்தது பாகுபாடு என்று 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2023இல் 2,300 கோடி டொலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது.

மொழியையும் பாருங்கள். 70க்கும் மேற்பட்ட மொழிகள் மிச்சம், எல்லாவற்றையும் சேர்த்துப் பேசக்கூடியவர்கள் சுமார் 237,000. சனிக்கிழமை காலையில் அழும் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதன் கனம் தெரியும். அடிவாங்கிப் படித்த பாடத்தால் தன் மொழியைத் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்ட தாய்மார் அங்கே இருக்கிறார்கள்.

நாங்கள் நேற்று வந்தவர்கள், எங்களுக்கு என்ன சம்பந்தம்?

குற்றத்தில் சம்பந்தமில்லை. நிலத்தில் உண்டு. 1787இல் தொடங்கி 1805இல் 10 ஷில்லிங்குக்கு எழுதி வாங்கியதுதான் ரொறன்ரோவின் பெரும்பகுதி. 2010இல் அந்தப் பழைய வியாபாரத்துக்காக மிசிசாகா என்ற முதற்குடி மக்களுக்கு 14.5 கோடி டொலர் கொடுத்துத் தீர்த்தார்கள். ஸ்காபரோவும் மார்க்கமும் நிலத்துக்காக முதற்குடிகளோடு போட்ட 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்குள் வருகின்றன. 2021 ஜூனிலிருந்து குடியுரிமைச் சத்தியத்தில் முதற்குடிகள், இனுயிட், மெட்டிஸ் மக்களின் உடன்படிக்கை உரிமைகளை மதிப்பதும் சேர்ந்திருக்கிறது. 94ஆவது அறைகூவல் கேட்டது அதைத்தான். அதற்குப் பிறகு குடியுரிமை எடுத்தவர் என்றால் கையை உயர்த்தி நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

ஏழு வயதுக்குச் சட்டைக் கதை போதும். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு சானியின் கதையைச் சொல்லலாம், அவன் வயதுதானே. பயப்படும்படி சொல்ல வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். சட்டையைப் பூர்வகுடி வியாபாரிகளிடமோ, காசை அவர்களுக்குக் கொடுக்கும் இடத்திலோ வாங்குங்கள். சும்மா கடையில் தொங்கும் ஆரஞ்சு ரீசேர்ட்டில் யாருக்கு லாபம் என்று யாருக்கும் தெரியாது.

முடிந்தால் ஒரு நாள் பிரான்ட்ஃபர்ட்டுக்குக் கூட்டிப் போங்கள். 401இல் மேற்கே போனால், நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணித்தியாலம். கஞ்சிக் குழி என்ற அந்த மோஹாக் இன்ஸ்டிட்யூட் கட்டடம் இன்னும் நிற்கிறது. இடிப்பதா என்று கேட்டபோது, அங்கே பட்ட சமூகமே வேண்டாம், சாட்சியாக இருக்கட்டும் என்றது. பின்பக்கத்துச் செங்கற்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆணியாலும் கல்லாலும் பிள்ளைகள் கீறிய பெயர்கள் இருக்கும். உள்ளே இலக்கத்தால் கூப்பிடப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.